வங்கியில் 11 வருடம். இனி சமூக நிதிப் பக்கம் போகலாமா?

கேள்வி: தனியார் வங்கி ஒன்றின் கடன் பிரிவில் 11 வருடங்களாக வேலை செய்கிறேன். வயது 36. சிறு தொழில்களுக்கான கடன் மனுக்களைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. கொஞ்ச நாளாக மனசு இதில் ஒட்டவில்லை. ஏழைகளுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள், சமூக நோக்கமுள்ள தொழில்களில் முதலீடு செய்யும் ஃபண்டுகள் என்று ஏதாவது ஒன்றுக்கு மாறலாம் என நினைத்து, அங்கே தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களின் பின்னணியைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கச் சோர்வுதான் வந்தது. பாதிப் பேர் பெரிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், முதலீட்டு வங்கி, ஆலோசனை நிறுவனம் என்று வருகிறார்கள். மீதிப் பேர் இளம் வயதிலேயே கிராமங்களுக்குப் போய்விட்டவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. மறுபடி எம்.பி.ஏ. படிக்க வேண்டுமா? சமூகப் பணி அனுபவமே இல்லாத என்னை யார் எடுப்பார்கள்? சம்பளம் குறைந்தால் வீட்டில் என்ன சொல்வது? - ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் சோர்வு கண்ணில் பட்டது. இரண்டாம் முறைதான் கவனித்தேன்: உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஒரே ஒரு வரி. மற்றவர்களின் படிப்பையும் பதவியையும் பற்றி அதைவிட நிறைய எழுதியிருக்கிறீர்கள். என் பதிலை அந்த ஒரு வரியில் இருந்தே தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு முன், நீங்கள் படித்த அந்தப் பின்னணிக் குறிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம்.

நான் வங்கித் தணிக்கையில் தொடங்கி, ஏழைகளுக்குச் சிறு தொகைகளைக் கடனாகக் கொடுக்கும் குறுங்கடன் நிறுவனங்களில் வேலை பார்த்து, பிறகு இத்தகைய நிறுவனங்களுக்கு மூத்த பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்தவன். தலைவர்களைப் பற்றி நிறுவனங்கள் போடும் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியும். நாலைந்து வரிதான் இடம். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர், பழைய நிறுவனத்தின் பெயர், இப்போதைய பதவி, ஒரு விருது. நடுவில் அவர் தடுமாறிய வருடங்கள் இருக்குமே, அவைதான் முதலில் வெட்டப்படும். ஆளை ஆளாக்கியது பெரும்பாலும் அந்த வருடங்கள்தான். அதனால் நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதிதான்.

வெட்டப்படாத ஒரு கதையைச் சொல்கிறேன். ஃபஸ்லே ஹசன் ஆபெத், வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். கிளாஸ்கோவில் கப்பல் கட்டுமானம் படிக்கப் போனார். அதை விட்டுவிட்டு லண்டனில் செலவுக் கணக்கியல் படித்து, 1962-ல் கணக்காளராகத் தகுதி பெற்றார். பிறகு சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் நிதிப் பிரிவுத் தலைவர். நல்ல சம்பளம், நல்ல வீடு. 1970 நவம்பரில் வந்த புயலும் அடுத்த வருடம் நடந்த விடுதலைப் போரும் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டன. லண்டனில் இருந்த தன் ஃபிளாட்டை விற்ற பணத்தோடு 1972-ல் சுல்லா என்ற ஒதுக்குப்புறப் பகுதியில் நிவாரண வேலையைத் தொடங்கினார். அதுதான் பிராக்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஃபிளாட்டை விற்றதோடு நிறுத்திவிடுவார்கள். தியாகம் பெரியதுதான். ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் பார்க்க வேண்டிய இடம் அதற்கு அப்புறம் வருகிறது.

1980-ல் வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாவதைத் தடுக்க பிராக் வீடு வீடாகப் போனது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். இதைக் கலக்கத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் திட்டம். சொல்லிக்கொடுத்த பெண் பணியாளருக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது? எத்தனை வீடு போனார் என்று எண்ணிக் கொடுத்திருக்கலாம். ஆபெத்தின் நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. சில வாரம் கழித்து வேறொரு குழு, சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் போய்ப் பார்க்கும். அந்தத் தாய்க்கு என்ன நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கத் தெரிகிறதா என்று சோதிக்கும். தாய் நினைவில் வைத்திருந்த அளவுக்குத்தான் பணியாளருக்குப் பணம்.

கொஞ்சம் நின்று பாருங்கள். மாதிரிக்குச் சில வீடுகளை எடுப்பது, வேலை செய்தவரே சோதிக்கக் கூடாது என்று வேறு ஆளை அனுப்புவது, செலவை விளைவோடு கட்டுவது. இது முழுக்க முழுக்கக் கணக்காளரின் மூளை. நம் தணிக்கையில் தினமும் செய்வது.

ஆனால் அந்த மூளை ஒரு இடத்தில் முட்டி நின்றது. தாய்மாருக்குப் பாடம் நன்றாக நினைவிருந்தது. குழந்தைக்கு நோய் வந்தபோது மிகச் சிலரே அந்தக் கரைசலைக் கொடுத்தார்கள். தாளில் எல்லாம் சரி, வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் தேடிப் போனபோது, சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். பிறகு அவர்களை டாக்காவுக்கு அழைத்து வந்து, கரைசல் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். அதற்குப் பிறகு நிலைமை மாறியது. பத்து வருடத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

இந்தத் துறையில் நான் கற்ற பெரும்பகுதி இந்த ஒரு நிகழ்வுக்குள் இருக்கிறது. ஒருவரின் தொழில் பின்னணி அவருக்கு ஒரு கருவியைக் கொடுக்கிறது, கூடவே ஒரு பார்வைக் குறையையும் கொடுக்கிறது. கணக்காளருக்கு அளக்கத் தெரியும். அளவு சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றிவிடும். எந்தத் துறையில் இருந்து வந்தாலும் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும். தலைவர்களின் குறிப்பைப் படிக்கும்போது எங்கே படித்தார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, தன் பார்வைக் குறையை எங்கே, யாரால், எத்தனை வருடத்தில் சரிசெய்துகொண்டார் என்று தேடுங்கள்.

வங்கதேசத்தில் ஏழைகளுக்கான கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகம்மது யூனுஸ், பொருளாதாரப் பேராசிரியர். 1974 பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது வகுப்பில் தான் நடத்தும் கோட்பாட்டுக்கும் வெளியே நடப்பதற்கும் தொடர்பில்லை என்று உணர்ந்து, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜோப்ரா கிராமத்துக்குப் போனார். அங்கே சூஃபியா பேகம் என்ற பெண் மூங்கில் முக்காலி செய்துகொண்டிருந்தார். மூங்கில் வாங்க வியாபாரியிடம் வங்கதேசப் பணத்தில் 5 டாகா கடன். முக்காலியை அதே வியாபாரிக்கே விற்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்தால் மிஞ்சுவது 50 பைசா. இப்படிக் கடனில் சிக்கியிருந்த 42 பேரைக் கணக்கெடுத்தபோது, எல்லோருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட தொகை 27 டாலர்கூட இல்லை. பேராசிரியர் தன் பையில் இருந்தே கொடுத்தார். பிறகு வங்கிக்குப் போய் இவர்களுக்குக் கடன் கொடுங்கள் என்று கேட்டார். அடமானம் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது, முடியாது என்றார்கள். கடைசியில் அவரே ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

சகோதரி, அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர் உங்களைப் போன்ற ஒருவர்தான். நானும் அப்படித்தான். அவர் கெட்டவர் இல்லை. கையேட்டில் இருந்ததைச் செய்தார். பேராசிரியர் பார்த்ததை அவர் பார்க்கவில்லை, ஏனென்றால் மூங்கில் முக்காலி அவர் மேசைக்கு வருவதேயில்லை. மனு மட்டும்தான் வரும். உங்கள் 11 வருடம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் பார்வைக் குறை இதுதான் என்று நினைக்கிறேன். காகிதம் வழியாக மனிதரைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

அதே 11 வருடம் கொடுத்த கருவியைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஒரு சிறு தொழிலில் பணம் எந்த மாதம் உள்ளே வரும், எந்த மாதம் வெளியே போகும், எங்கே முட்டும் என்று ஒரு மனுவைப் பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தெரியும். நல்லெண்ணத்தோடு தொடங்கிய எத்தனையோ நிறுவனங்கள் இந்த ஒன்று தெரியாமல்தான் மூடிப்போயின. நன்கொடை வரும்வரை ஓடும், நின்றால் நின்றுவிடும். எங்கள் தேர்வுக் குழுவுக்கு வரும் மனுக்களில் ஆர்வமுள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கடன் மதிப்பீடு தெரிந்தவர்களை வலைபோட்டுத் தேட வேண்டியிருக்கும்.

சரி, அந்தப் பெரிய பெயர்களுக்கு வருகிறேன். ஜாக்குலின் நோவோகிராட்ஸ், ஏழைகளுக்கு உதவும் தொழில்களில் முதலீடு செய்யும் ஏக்குமன் நிதியத்தை 2001-ல் தொடங்கியவர். குறிப்பில் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, ஸ்டான்ஃபோர்டு, ராக்ஃபெல்லர் என்று வரும். உங்களைச் சோர்வடைய வைத்ததில் இவருடையதும் இருந்திருக்கலாம். சேஸ் மன்ஹாட்டனில் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கடன் ஆய்வாளர். நீங்கள் பார்ப்பதுதான். 1986-ல் அதை விட்டு ஆப்பிரிக்கா போனார். போன முதல் இடத்தில், அங்கிருந்த பெண்களே அவரை ஏற்கவில்லை. எங்களைக் கேட்காமல் உன்னை யார் அனுப்பியது என்ற மாதிரிதான் வரவேற்பு. அப்புறம் ருவாண்டாவில் உள்ளூர்ப் பெண்களோடு சேர்ந்து ஒரு குறுங்கடன் நிறுவனம் தொடங்கினார். சேஸ் மன்ஹாட்டனை விட்டதற்கும் ஏக்குமனுக்கும் இடையில் 15 வருடம். குறிப்பில் அது ஒரு காற்புள்ளி.

இன்னொரு வகையும் உண்டு. அல்போன்ஸ் டெஜார்டின் கனடா நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். 1897-ல் ஒரு உறுப்பினர் கந்துவட்டியைப் பற்றிப் பேசினார்: 150 டாலர் கடனுக்கு 5000 டாலர் வட்டி கட்டச் சொல்லப்பட்ட ஒருவரின் கதை. அதைக் கேட்டுப் பதிவு செய்த மனிதருக்கு மனசு ஆறவில்லை. ஐரோப்பியக் கூட்டுறவு வங்கிகளைப் பற்றி மூன்று வருடம் படித்தார், கடிதம் எழுதிக் கேட்டார். 1900-ல் லெவி நகரில் மக்கள் வங்கியைத் தொடங்கினார். அவர் வேலைக்காக ஒட்டாவாவில் இருந்த மாதங்களில் மனைவி டோரிமேன் வீட்டிலிருந்தே வங்கியை நடத்தினார். வங்கி அனுபவம் இருவருக்கும் கிடையாது.

எலா பட் வழக்கறிஞர். ஜவுளித் தொழிலாளர் சங்கத்தில் சட்ட வேலை பார்த்தவர். சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களின் சங்கமான சேவா 1974-ல் தன் வங்கியைத் தொடங்கியபோது 4000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்கு எப்படிக் கணக்கு வைப்பது என்பது பெரிய கேள்வி. அவர்கள் கண்ட வழி, கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துப் பாஸ்புக்கில் ஒட்டுவது. எனக்கு மிகவும் பிடித்த வங்கி ஆவணம் அது. ஆளையும் எண்ணையும் ஒரே பார்வையில் இணைத்துவிடுகிறது. விதி கேட்பது என்ன, அதன் நோக்கம் என்ன என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் தலைமையில் இருந்தது அதற்கு உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நல்லது செய்யும் தொழில்களுக்கே கடன் கொடுக்கும் நெதர்லாந்தின் ட்ரியோடோஸ் வங்கிக்கு விதை போட்டது 1968-ல் கூடிய ஒரு சிறு படிப்பு வட்டம். ஒரு பொருளாதார நிபுணர், ஒரு வரிச் சட்டப் பேராசிரியர், ஒரு நிறுவன ஆலோசகர், ஒரு வங்கியாளர். நாலு பேர், நாலு தொழில். வங்கி திறந்தது 1980-ல். பன்னிரண்டு வருடம் பேசியிருக்கிறார்கள், முயன்று பார்த்திருக்கிறார்கள்.

இனி நான் பயத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நிதித் துறையில் இருந்து வருகிறவர்கள் இந்தத் துறைக்கு நல்லதும் செய்திருக்கிறார்கள், காயமும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். மெக்சிகோவின் கொம்பார்த்தாமோஸ் என்ற குறுங்கடன் நிறுவனம் 2007-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது முதலீட்டாளர்களுக்கு லாபம் கொட்டியது. அது ஏழைப் பெண்களிடம் வாங்கிய வட்டி, வரியும் சேர்த்து, வருடத்துக்கு 100 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அது தொண்டு அமைப்பாகத் தொடங்கிய நிறுவனம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். 2010-ல் ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் போட்டிபோட்டுக் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடி முற்றி, அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய மாதம் வரை அந்த நிறுவனங்களின் வசூல் விகிதம் தாளில் பிரமாதமாக இருந்தது.

நானும் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு கிளையின் வசூல் 99 சதவீதம் என்று வந்தது. பாராட்டிக் குறிப்பு எழுதினேன். ஆறு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். ஒரு அம்மா தன் தவணை அட்டைகளை எடுத்துக் காட்டினார். நாலு அட்டை, நாலு நிறம், நாலு நிறுவனம். செவ்வாய்க்கிழமைத் தவணையை வியாழக்கிழமைக் கடனில் கட்டிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ஒரு நாள்கூடத் தவறினதில்லையே தம்பி" என்றார். உண்மைதான், எங்களுக்கு அவர் தவறவேயில்லை. என் 99 சதவீதத்துக்குள் அந்த அம்மா எத்தனை இரவு தூங்காமல் இருந்தார் என்று என் அறிக்கையில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றுவரை அது எனக்குப் பெரிய உறுத்தல்.

இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்: குறுங்கடன் ஏழ்மையை ஒழித்துவிடும் என்று ஒரு காலத்தில் பேசினார்கள். ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளியாயின. கடனால் சிலருக்குத் தொழிலில் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது, ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் பெரிதாக உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வில் "வாழ்க்கையை மாற்றுகிறோம்" என்று பேசும் ஆளைவிட, எங்கே உதவும் எங்கே உதவாது என்று நிதானமாகப் பேசும் ஆளைத்தான் நான் குறித்து வைத்துக்கொள்வேன்.

உங்கள் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

எம்.பி.ஏ. வேண்டாம். உங்களுக்குக் குறைவாக இருப்பது வகுப்பறையில் கிடைக்காது. இரண்டு வருடப் பணமும் நேரமும் போகும், திரும்பி வரும்போதும் காகிதம் வழியாகவே பார்ப்பீர்கள்.

சமூகப் பணி அனுபவத்துக்கு வேலையை விட வேண்டியதில்லை. குறுங்கடன் நிறுவனம் ஒன்றின் களப்பணியாளரோடு போய் வர அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். இந்த வருட விடுப்பில் பத்துப் பதினைந்து நாளை அதற்கு ஒதுக்குங்கள். குழுக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்காருங்கள், வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். தவணை கட்ட முடியாத பெண் வரும்போது மற்றவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கூட்டம் முடிந்து அவர் வீட்டுக்குப் போகும் வழியில் கூட நடந்து பேசுங்கள். இன்னொன்று: கூட்டுறவுச் சங்கமோ சிறு தொண்டு நிறுவனமோ, அதன் கணக்குக் குழுவில் சம்பளம் இல்லாமல் ஒரு இடம் கேளுங்கள். கணக்கு தெரிந்தவர் வந்தால் கும்பிட்டு ஏற்றுக்கொள்வார்கள். ஒரு வருடம் கழித்து உங்கள் பயோடேட்டாவில் அது இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் பற்றி நான் அரை மணி நேரம் கேள்வி கேட்பேன்.

சம்பளம் குறையத்தான் செய்யும், சில இடங்களில் நன்றாகவே குறையும். வீட்டில் மறைக்காமல் பேசுங்கள். மாறுவதற்கு முன்பே, குறையப்போகும் சம்பளத்தில் ஆறு மாதம் குடும்பம் நடத்திப் பாருங்கள். மிச்சத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். முடிகிறதா என்று வாக்குவாதம் இல்லாமல் தெரிந்துவிடும், கையிலும் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும். முடியவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வங்கிக்குள்ளேயே சிறு கடன் பிரிவு, கிராமப்புறக் கடன் பிரிவு இருந்தால் முதலில் அதற்கு மாற்றல் கேளுங்கள்.

எந்தப் பதவிக்கு மனுப் போடுவது என்று இப்போதே யோசிக்காதீர்கள். ஒரு வேலை தருகிறேன். இந்த 11 வருடத்தில் கொடுத்திருக்கலாமே என்று மனசுக்குள் பட்டும் நீங்கள் மறுத்து எழுதிய மனுக்கள் இருக்கும். ஐந்தை நினைவுபடுத்துங்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம். என்ன தொழில், எவ்வளவு கேட்டார், எந்த விதியால் மறுத்தீர்கள், அந்த விதி எதைக் காப்பாற்றப் பார்த்தது, அதே காவலை வேறு எப்படிக் கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். தவணையை மாதத்துக்குப் பதில் வாரத்துக்கு மாற்றியிருக்கலாமா, அறுவடையோடு சேர்த்திருக்கலாமா, ஜாமீனுக்கு நாலு பேர் குழுவாக நின்றிருக்கலாமா என்று யோசித்துப் பாருங்கள். மறுத்தது சரிதான் என்று இப்போதும் தோன்றுகிற மனு ஒன்று அதில் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். எந்த நிறுவனம், எந்த வேலை என்று அந்த ஐந்து பக்கங்களை வைத்துக்கொண்டு பேசலாம்.